லோஜினி வெட்டிய வரிகள்

லோஜினியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். டயகமவில் கேட்டால் "எங்க புள்ள" என்பார்கள். ஹட்டனில் கேட்டால் "கெட்டிக்காரி" என்பார்கள். என்னிடம் மட்டும் இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நான் அவள்மேல் வயிறெரிந்து கிடந்தவன் என்பதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி நான் என்ன சொன்னாலும் பொய்யாகிவிடும்.

என் பெயர் சின்னராசா. இலங்கை மலைநாட்டில் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். தொண்ணூற்றாறில் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, ஹட்டனில் பொன்னையா முதலாளியின் அச்சகத்தில் சேர்ந்தேன். அந்த வட்டாரத்தில் எட்டு வருடமாக நடந்த கல்யாணம், காதுகுத்து, திருவிழா, கருமாதி எல்லாவற்றுக்கும் அழைப்பிதழ் என் விரலில்தான் பிறந்தது. விசைப்பலகையைப் பார்க்காமல் தமிழ் அடிப்பேன். முதலாளி வாடிக்கையாளர்களைக் கூட்டிவந்து நிறுத்தி, "பாருங்க, பய கண்ண மூடிக்கிட்டு அடிப்பான்" என்று காட்டுவார். நானும் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். அவ்வளவு திமிர் எனக்கு.

லோஜினி என்னைவிட ஐந்து வயது இளையவள். டயகமவில் செல்லசாமிக்கும் வேலாயிக்கும் மூத்த பெண். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், அம்மா கொழுந்து எடுக்கிறவர். உயர்தரம் முடித்துவிட்டு ஹட்டனில் ஒரு கணினி வகுப்புக்கு வந்தாள். வாரத்துக்கு இரண்டு நாள், போக வர ஐந்து மணி நேரம் பஸ். வகுப்பில் ஒருவருக்கு அரைமணி நேரம்தான் கணினி கிடைக்கும். அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஜாவாஸ்கிரிப்ட் கட்டளைகளை ஒற்றைக்கோட்டுக் கொப்பியில் பேனையால் எழுதிக்கொண்டு வருவாள். பஸ்ஸிலேயே பிழை பார்த்துத் திருத்திவிடுவாள். அரைமணி நேரத்தில் அதைத் தட்டி, ஓட வைத்துவிட்டு எழுந்து போவாள். மற்றவர்கள் அந்த நேரத்தில் கணினியில் சீட்டு விளையாட்டைத்தான் திறந்து வைத்திருப்பார்கள். இதையெல்லாம் எனக்குப் பிற்பாடு நாலு பேர் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும், போதும் நிறுத்துங்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

இரண்டாயிரத்து நான்கில் நாங்கள் இருவரும் ஒரே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். தோட்டங்களில் அடையாள அட்டை இல்லாதவர்களைத் தேடிப் பதிவு செய்யும் ஒரு சிறிய தொண்டு நிறுவனம் அது. ஹட்டனில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடி. பொறுப்பாளர் நடராசா சேர், யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர், ஆனால் லயத்துக்கும் காம்பராவுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ளவே அவருக்கு ஒரு மாதம் ஆயிற்று. நீளக் கட்டடம் லயம், அதற்குள் ஒரு குடும்பம் இருக்கிற ஒற்றை அறை காம்பரா என்று நான்தான் படம் வரைந்து காட்டினேன்.

சேர்ந்த அன்றே அவர் ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

"இஞ்சை பாருங்கோ, இந்தத் திட்டம் ஒரு வருசத்துக்குத்தான். அதுக்குப் பிறகு நுவரெலியா அலுவலகத்திலை ஒரே ஒரு நிரந்தர வேலை இருக்கு. உங்கள் ரெண்டு பேரிலை ஒராளுக்குத்தான் குடுக்கலாம். டயகமவுக்கு அதிகாரிமார் நேரிலை வந்து அடையாள அட்டைக்குப் பதியிற நடமாடும் சேவை முடியட்டும், பிறகு சொல்லுறன்."

நிரந்தர வேலை. மேசை, நாற்காலி, கதவில் பெயர். என் வீட்டில் இதுவரை யாருக்கும் கதவில் பெயர் இருந்ததில்லை. அது எனக்குத்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எதிரில் இருந்த பெண் தலையில் நல்லெண்ணெய் வைத்துப் படிய வாரி, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தாள். இவளா எனக்குப் போட்டி என்று நினைத்தேன்.

டயகமவையும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களையும் சேர்த்து ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பேரின் விவரங்கள் கையெழுத்தில் வந்தன. பெயர், தகப்பன் பெயர், தோட்டம், லயம், காம்பரா. இவற்றை நான் எக்செலில் கட்டம் கட்டமாகத் தமிழில் அடித்தேன். லோஜினிக்கு ஆங்கிலத் தட்டச்சு வரும், தமிழ் வராது. "தமிழ் டைப்பிங் நமக்குத் தெரியாதுங்க சேர், அண்ணேதான் பண்ணணும்" என்று அவள் சொன்னபோது எனக்குள் தேன் வார்த்ததுபோல் இருந்தது. பதினைந்து நாளில் அடித்து முடித்தேன்.

அடுத்தது படிவம். கொழும்பிலிருந்து வரும் அதிகாரிகளிடம் கொடுக்க, பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் அச்சிட்டு வைத்திருக்க வேண்டும். அதில் பெயருக்கு ஒரு பெட்டி, தகப்பன் பெயருக்கு ஒரு பெட்டி, இப்படி ஐந்து பெட்டிகள்.

"தம்பி, எத்தினை நாள் எடுக்கும்?" என்று நடராசா சேர் என்னைத்தான் முதலில் கேட்டார்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு பெயரை எடுத்து, படிவத்தில் ஒட்டி, அடுத்ததை எடுத்து, ஒட்டி… "இருபது நாள் வேணும் சேர், ராவு பகலா இருந்தா" என்றேன். 'ராவு பகலா' என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

"பிள்ளை, நீர் என்ன சொல்லுறீர்?"

லோஜினி கொப்பியைப் புரட்டிக்கொண்டே, "ரெண்டு நாள் குடுங்க சேர். ஒரு பக்கம் எழுதிப் பாக்குறேன்" என்றாள்.

இரண்டு நாள்! நான் வாய்விட்டே சிரித்துவிட்டேன். அவள் இரண்டு நாள்கூட எடுக்கவில்லை. மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு எங்களைக் கூப்பிட்டாள். திரையில் ஒரு வெள்ளைப் பக்கம், மேலே ஒரு பெரிய பெட்டி, கீழே ஒரு பொத்தான். பெட்டிக்குள் என் பட்டியலை ஒட்டினாள். பொத்தானை அழுத்தினாள். பத்து விநாடி திரை அசையாமல் நின்றது. பிறகு படிவங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழ ஆரம்பித்தன. பெயர் பெயருக்குரிய இடத்தில், காம்பரா காம்பராவுக்குரிய இடத்தில். நடராசா சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்ன மந்திரம் பிள்ளை இது?"

"மந்திரமெல்லாம் இல்லீங்க சேர். வெட்டுறதுதான்."

அவள் சொன்ன விளக்கம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. மறக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. எங்கள் பஸ்களின் நெற்றியில் 'டயகம - அக்கரப்பத்தனை - ஹட்டன்' என்று பலகை இருக்கும். கணினிக்கு அது ஒரே நீள வரி, மூன்று ஊர் என்று அதற்குத் தெரியாது. நடுவில் கோடு வருகிற இடத்தில் வெட்டு என்று நாம் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்கிற கட்டளைக்குப் பெயர் ஸ்பிளிட். வெட்டினால் மூன்று துண்டு கிடைக்கும். முதல் துண்டுக்கு எண் ஒன்று இல்லை, சைபர். ஆக, டயகம சைபர், அக்கரப்பத்தனை ஒன்று, ஹட்டன் இரண்டு.

"எங்க ஊருதான் சைபரு" என்று சொல்லிச் சிரித்தாள்.

என் எக்செல் பட்டியலை அவள் எழுத்துக் கோப்பாகச் சேமித்திருந்தாள். அப்படிச் சேமித்தால் கட்டங்கள் மறைந்து, கட்டத்துக்குக் கட்டம் நடுவே ஒரு கமா வந்து நிற்கும். கமா வந்த இடமெல்லாம் வெட்டினால் ஐந்து துண்டு. ஐந்து துண்டுக்கு ஐந்து பெட்டி. நான் ஒவ்வொரு தோட்டத்தையும் தனிக்கோப்பாக அடித்திருந்ததால், எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டியபோது நடுவே வெற்று வரிகள் விழுந்திருந்தன. அதற்கும் வழி செய்திருந்தாள். வெட்டியபின் சரியாக ஐந்து துண்டு வராத வரியை, வெற்று வரி என்று தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகும்படி எழுதியிருந்தாள்.

"உமக்குத்தான் பிள்ளை நுவரெலியா" என்று நடராசா சேர் சிரித்துக்கொண்டே சொன்னார். விளையாட்டாகச் சொன்னாரோ, வினையாகச் சொன்னாரோ, எனக்குத் தெரியவில்லை. பதினைந்து நாள் முதுகு ஒடிய அடித்தவன் நான். அந்தப் பதினைந்து நாளைப் பத்து விநாடியில் துண்டு துண்டாக வெட்டிப் பெயரைத் தட்டிக்கொண்டு போகிறவள் இவளா? அன்று இரவுச் சாப்பாட்டுப் பார்சலை நான் பிரிக்கவே இல்லை. பொறாமை வந்தால் பசி வராது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த நாள் அவள் பாத்ரூமுக்குப் போன நேரத்தில் அவள் கொப்பியைத் திறந்து பார்த்தேன். ஆமாம், திருட்டுத்தனமாகத்தான். எழுத்துகள் குண்டு குண்டாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தன. பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரிந்த பாதி அழகாயிருந்தது. அது இன்னும் எரிச்சலாயிருந்தது.

அவள் திரும்பி வந்து நான் கொப்பியோடு நிற்பதைப் பார்த்துவிட்டாள். வேறு யாராவதாயிருந்தால் கோபப்பட்டிருப்பார்கள். இவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நல்லதாப் போச்சுண்ணே. நானே கூப்புடலாம்னு இருந்தேன். அச்சுக்குக் குடுக்க முந்தி ஒரு தரம் பாத்துச் சொல்றீங்களா? தமிழு சம்பந்தமா ஏதாச்சும் பெசகு இருந்தா ஒங்க கண்ணுக்குத்தான் தெரியும்."

உட்கார்ந்தேன். திரையில் அவளுடைய கட்டளைகள். ஸ்பிளிட் இருந்த வரியில், மேற்கோள் குறிகளுக்கு நடுவே அந்தக் கமா.

பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த நாட்களில் நாங்கள் அடித்தது பாமினி எழுத்துருவில். அதில் கணினிக்குத் தமிழ் என்று ஒன்று தெரியாது. நாம் ஆங்கில விசையைத் தட்டுகிறோம், கணினி அந்த ஆங்கிலக் குறியையே வைத்துக்கொள்கிறது, திரை மட்டும் அதற்கு ஒரு தமிழ் எழுத்தின் உருவத்தைக் காட்டுகிறது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒவ்வொரு விசை. 'இ' என்ற எழுத்துக்கு உரிய விசை கமா. நான் 'இருளாயி' என்று அடித்தால் நமக்குத் தெரிவது 'இ'. கணினியின் வயிற்றுக்குள் இருப்பது கமா.

அவள் கத்தி கமா வந்த இடமெல்லாம் வெட்டும். இருளாயியின் பெயரில் முதல் எழுத்திலேயே வெட்டும். ஐந்து துண்டு வர வேண்டிய வரி ஆறு துண்டாகும். ஆறு துண்டானால் வெற்று வரி என்று தள்ளிவிடும். இருளாயி, இந்திராணி, இளஞ்சியம், அப்புறம் இருளப்பனுக்குப் பிறந்த பிள்ளைகள், எல்லோரும் காணாமல் போவார்கள். ஒரு சத்தமும் வராது.

திரையின் கீழ்மூலையில் மொத்த எண்ணிக்கை இருந்தது. ஆயிரத்து எண்பத்து நான்கு. நான் அடித்தது ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. அறுபத்திரண்டு பேர் இல்லை. அந்த எண்ணை வேறு யாரும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கவில்லை.

தமிழ் தட்டச்சுத் தெரியாத அவளுக்கு இது தெரிய வழியில்லை. நடராசா சேருக்கு ஏழு பிறவியிலும் தெரியாது. அந்த மேல்மாடியில் இது தெரிந்த ஒரே ஆள் நான். என் கையில் ஒரு வார்த்தை இருந்தது. சொன்னால் அவள் ஐந்து நிமிடத்தில் திருத்திவிடுவாள். திருத்திவிட்டு நுவரெலியாவுக்குப் போவாள்.

"சரியாத்தான் இருக்கு" என்றேன்.

"நெசமாவா? நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல."

அவள் முகம் மலர்ந்தது. "அப்ப எனக்குப் பயமில்ல" என்றாள். பிறகு திரையில் கட்டளைகளின் உச்சிக்குப் போய் ஏதோ ஒரு வரி தட்டினாள். நான் அதைப் பார்க்க நிற்காமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

படிவங்கள் அச்சாக மூன்று நாள் ஆயின. அந்த மூன்று நாளும் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். நான் ஒன்றும் ராட்சசன் இல்லை. இரண்டாம் நாள் காலையில் சொல்வதற்கென்றே அவள் மேசைக்குப் போனேன். அப்போது பார்த்து நடராசா சேர் உள்ளே வந்து, கொழும்புத் தலைமையகத்தில் லோஜினியின் பக்கத்தைப் பற்றிச் சொன்னாராம், அவர்கள் வாய் பிளந்துவிட்டார்களாம் என்று பெருமையாகச் சொன்னார். நான் மேசையிலிருந்த பசைப் போத்தலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். எனக்குப் பசை தேவைப்படவே இல்லை.

இரண்டாயிரத்து ஐந்து, மார்ச் மாதம். டயகமவில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடமாடும் சேவை. காலையிலிருந்தே தகரக் கூரையில் மழை. பெண்கள் வேலைக்குப் போகாமல், பெட்டியிலிருந்து எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, பிறப்புச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். லோஜினிக்குச் சொந்த ஊர் என்பதால் எல்லோரும் அவள் கையைப் பிடித்துப் பிடித்துப் பேசினார்கள். வேலாயி அம்மா மகளைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு ஒரு ஓரத்து மேசை. அவள் மாட்டிக்கொள்ளப்போவது, நான் எதிர்பார்த்ததைப்போல் இனிக்கவில்லை.

ஒன்பதரைக்கு முதல் ஆள் வந்தார். அறுபது வயதிருக்கும், மெலிந்த உடம்பு.

"பேரு?" என்று லோஜினி கேட்டாள்.

"இருளாயிங்க. மூணாம் லயம், ஆறாங் காம்பரா."

லோஜினி கட்டைப் புரட்டினாள். திரும்பவும் புரட்டினாள். "கொஞ்சம் நில்லுங்க பெரியம்மா" என்றாள்.

"என் பேரு எப்பவும் இருக்காது புள்ள. ஓட்டு லிஸ்ட்டுலயும் இருந்ததில்ல" என்றார் இருளாயி. குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோல் சொன்னார்.

பத்தரை மணிக்குள் ஒன்பது பேர் அப்படி ஒதுங்கி நின்றார்கள். பதினொன்றுக்கு இருபது. நடராசா சேருக்கு வியர்க்க ஆரம்பித்தது. கொழும்பு அதிகாரிகள் சிங்களத்தில் ஏதோ பேசிக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். லோஜினி ஒரு தாளை எடுத்து, ஒதுங்கி நின்றவர்களின் பெயர்களையும் தகப்பன் பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். எழுதிவிட்டு மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். எல்லாப் பெயரும், இல்லையென்றால் தகப்பன் பெயரும், ஒரே எழுத்தில் ஆரம்பித்தன.

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, 'இ'க்கு எந்தக் கீ?"

மண்டபம் முழுவதும் பேச்சுச் சத்தம், மழைச் சத்தம். எனக்கு அவள் குரல் மட்டும்தான் கேட்டது.

"கமா" என்றேன்.

அவள் "ம்" என்றாள். அவ்வளவுதான். ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு நிம்மதியாயிருந்திருக்கும். வரவில்லை. என்னவோ கைக்காசைத் தொலைத்துவிட்டவள்போல் நின்றாள்.

நடராசா சேர் ஓடிவந்தார். "என்ன பிள்ளை நடந்தது? அச்சுக்குக் குடுக்க முதல் ஆர் இதைச் சரிபார்த்தது?"

இப்போது அவள் விரலை என் பக்கம் நீட்டினால் என் கதை முடிந்தது.

"யாரும் பாக்கல சேர்" என்றாள் லோஜினி. "நாந்தான் பாக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். மூன்று அடி தூரத்தில் நின்றேன். திறக்கவில்லை.

அவள் வெற்றுப் படிவங்களை எடுத்துக்கொண்டு சிமெந்துத் தரையிலேயே உட்கார்ந்தாள். ஒதுங்கி நின்ற ஒவ்வொருவரிடமும் "மன்னிச்சுக்குங்க, என் தப்பு" என்று சொல்லிவிட்டுக் கையால் எழுத ஆரம்பித்தாள். நானும் போய் உட்கார்ந்து எழுதினேன். என் கையெழுத்து வேகமானது. நான்கு மணிக்கு அதிகாரிகள் பெட்டியைக் கட்டும்போது நாற்பத்து மூன்று பேரை முடித்திருந்தோம். பத்தொன்பது பேர் மிச்சம். மற்றவர்களை முன்னே விட்டுவிட்டுச் சுவரோரம் நின்ற இருளாயியும் அந்தப் பத்தொன்பதில் ஒருவர்.

"பரவால்ல புள்ள, நீ அழுவாத" என்று லோஜினியிடம் சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் உறையை மடித்து மடியில் செருகிக்கொண்டு அவர் மழையில் நடந்தார்.

ஒரு வாரத்தில் நடராசா சேர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, கெட்டித்தனம் மட்டும் காணாது, பொறுப்பும் வேணும். அண்டைக்கு நீர் நிலத்திலை இருந்து எழுதினதைப் பார்த்தனான். நுவரெலியா உமக்குத்தான்." நான் "நன்றி சேர்" என்றேன். என் வாய்க்கு அது மட்டும் சுலபமாக வந்தது. லோஜினி ஹட்டனில் பழைய கணினி வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கப் போனாள். போகும்போது, "நல்லா செய்யுங்கண்ணே" என்று கைகொடுத்தாள்.

நுவரெலியாவில் மேசை கிடைத்தது, நாற்காலி கிடைத்தது. கதவில் பெயரும் எழுதினார்கள். முதல் நாளே, ஹட்டனிலிருந்து கொண்டுவந்த லோஜினியின் கோப்பைக் கணினியில் திறந்தேன். அவள் போவதற்கு முன்பே அதைத் திருத்தி வைத்திருந்தாள். பட்டியலைக் கமா இல்லாமல், தமிழ் எழுத்து எதற்கும் விசையாக இல்லாத டாப் இடைவெளியால் பிரித்துச் சேமித்து, அங்கே வெட்டும்படி மாற்றியிருந்தாள். ஆறு துண்டானாலும் ஏழு துண்டானாலும் தள்ளிவிடாமல், சிவப்பில் காட்டும்படி இன்னொரு வரி சேர்த்திருந்தாள். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே, கணினி படிக்காமல் தாண்டிப்போகிற குறிப்பு வரியில், ஆங்கில எழுத்தில் தமிழாக ஒன்று இருந்தது. 'சரிபார்த்தவர்: சின்னராசா அண்ணன். அவருக்கு நன்றி.' அன்றைக்கு நான் எழுந்து வெளியே போனபோது அவள் தட்டிய வரி.

அதை அவள் அழிக்காமலே விட்டிருந்தாள். மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா, எனக்குத் தெரியாது. அழிக்க எனக்கு ஒரு விசை போதும். நான்கு வருடமாகிறது, இன்னும் அழிக்கவில்லை.

வேலை கிடைத்ததும் பொறாமை அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. முன்பு அவள் கெட்டித்தனத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது "தப்பு என்னோடதுதான்" என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல அவளுக்கு எப்படி முடிந்தது என்று பொறாமைப்பட்டேன். நாற்காலியை அவளிடமிருந்து பறிக்க முடிந்தது. இதைப் பறிக்க வழி தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை, என் பெயர் எழுதிய கதவைத் தள்ளிக்கொண்டு இருளாயி வந்தார். டயகமவிலிருந்து விடிய முன் கிளம்பி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் ஒரு சொப்பிங் பேக்.

"அந்தப் புள்ள இல்லீங்களா?"

"அவங்க ஹட்டன்ல இருக்காங்க பெரியம்மா. உக்காருங்க, நான் போட்டுத் தாறேன்."

பிளாஸ்டிக் உறையை என் மேசையில் வைத்தார். நான் படிவத்தைத் திறந்தேன். கமா விசையைத் தட்டினேன். திரையில் 'இ' விழுந்தது. பிறகு மற்ற எழுத்துகள். ஒரு விநாடிகூட ஆகவில்லை. அவர் எழுந்து வந்து, என் தோளுக்குப் பின்னால் நின்று குனிந்து பார்த்தார்.

"இதுவா என் பேரு?"

"ஆமாங்க."

"இம்புட்டுச் சுருக்கா வந்துருச்சே. அன்னைக்கி மட்டும் ஏன் சாமி வரல?"

சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. அறையில் வேறு யாரும் இல்லை. நடராசா சேர் இல்லை, லோஜினி இல்லை. அவருக்கு எழுத்து தெரியாது, என் வேலையைப் பறிக்க அவரால் முடியாது.

"அது மெசின்ல ஒரு கோளாறு பெரியம்மா" என்றேன்.

இருளாயி யோசித்தார். "அந்தப் புள்ள அப்புடிச் சொல்லலியே. தன் தப்புன்னுல்ல சொல்லிச்சு."

நான் திரையைப் பார்த்துக்கொண்டே அச்சுப் பொத்தானை அழுத்தினேன். கைநாட்டு வாங்கினேன். போகும்போது அவர் சொப்பிங் பேக்கை மேசைமேல் வைத்தார். போஞ்சிக்காயும், மண் ஒட்டிய உருளைக்கிழங்கும் இருந்தன.

"எனக்கு எதுக்குங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. எனக்குத்தான் கொண்டுவந்தார் என்ற ஆசைதான்.

"ஒங்களுக்கு இல்ல சாமி, அந்தப் புள்ளைக்கு. எனக்கு ஹட்டன்ல எடம் தெரியாது, நீங்களே குடுத்து விட்டுருங்க. பேரு வந்துருச்சாம்னு ஒரு வார்த்த சொல்லிருங்க, பாவம் அழுதுச்சு."

அன்று மத்தியானம் பஸ் நிலையத்துக்குப் போனேன். நானே ஹட்டனுக்குப் போயிருக்கலாம். பஸ்ஸில் இடமிருந்தது, எனக்கு நேரமும் இருந்தது. கண்டக்டரிடம் பையைக் கொடுத்து, வகுப்பு இருக்கும் இடத்தையும் லோஜினியின் பெயரையும் சொன்னேன்.

"யாரு குடுத்ததுன்னு சொல்ல?" என்றார் அவர்.

"இருளாயி. பேரு வந்துருச்சாம்னு சொல்லுங்க."

அவர் காதில் செருகியிருந்த பேனையை எடுத்துப் பையின்மேல் இருளாயி என்று எழுதினார். "வேற ஏதாச்சும் சொல்லணுமா?"

பஸ் புறப்பட இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

"இல்ல, அவ்வளவுதான்" என்றேன்.